வாரம் இரண்டு தடவை கவலை

கள்ளக்குறிச்சி,
புரட்டாசி, 1987.

பெருமதிப்புக்குரிய மாமா திரு. ஆதிமூலம் அவர்களுக்கு, மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு உள்ளவர்களின் சுகத்தை ஒவ்வொருவராகத் தனித்தனியே அறிய ஆசை. தாங்கள் அடித்த தந்தி கிடைத்தது. அது என் கைக்கு வந்து சேர்ந்த விதமே பெரிய கதை என்பதால் அதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில், தாங்கள் சொன்ன மருந்தைச் சாப்பிட்டேனா, சாப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்ததற்குப் பதில் எழுத வேண்டியது என் கடமை. இந்தக் கடிதத்தைத் தாங்கள் மட்டும் தனியாகப் படித்தால் நல்லது.

வளைகாப்பு முடிந்து ஆனி மாதத்தில் தாங்கள் தங்கள் மகள் செல்வியைக் கடலூர் முதுநகருக்கு அழைத்துப் போனபிறகு, நான் அவளுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதினேன். அதில் 'நீ போனதிலிருந்து எனக்குத் தூக்கமே வருவதில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது செல்விக்கு எழுதிய வரி. வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் தாங்களே பிரித்து உரக்கப் படிப்பீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அத்தை, சின்ன மச்சான், தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் எல்லோரும் கேட்கப் படித்ததாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தாங்கள்தான் பதறிப்போய், 'தூக்கமின்மைக்கு மாத்திரை கூடாது. வாரம் இரண்டு தடவை கவலை சாப்பிடவும். எண்ணெய் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். நரம்பு தணிந்து தூக்கம் தானாக வரும். மூட்டுக்கும் நல்லது. ஐஸ் கம்பெனியில் இத்தனை வருஷம் மீனோடும் மீன் தின்கிறவர்களோடும் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று கார்டு போட்டீர்கள்.

கார்டு என்பதால் அதையும் வழியில் எல்லோரும் படித்துவிட்டார்கள். நான் டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் எங்கள் அம்மாவுக்குப் படித்துக்காட்டியிருக்கிறார். அம்மாவுக்கு ஏரி மீன்தான் தெரியும். கெண்டை, கெளுத்தி, விரால், அதற்கு மேல் போனால் குறவை. கடற்கரைப் பக்கம் கவலை என்று ஒரு மீன் உண்டு என்பதை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. செல்வி இங்கே அதை ஆக்கினபோதும் 'உன் ஊர் மீன்' என்றுதான் சொல்வார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கார்டை நீட்டிக் கேட்டார்கள்:

"சம்மந்தி இன்னாடா இப்பிடி எழுதிக்கீறாரு? பொண்டாட்டி வூட்ல இல்லன்னு கவலப்பட்டுக்கினு கெடக்கிற புள்ளைய, இன்னும் வாரத்துக்கு ரெண்டு தபா கவலப்படச் சொல்றாரே?"

அது மீன் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மீனுக்கு வைக்க வேறு பேரே கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பாதி நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாமா, தூக்கம் வராததை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை. கண்டக்டர் வேலையில் தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கராபுரம் கேட்டவருக்குக் கச்சிராயபாளையம் டிக்கெட் கிழித்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சோறு எடுத்து வந்த அம்மாவைப் பார்த்து "உள்ள போம்மா, உள்ள எடம் கீது" என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் கோமுகி அணைப் பக்கம் டீக்கடையில் இறங்கி நின்றவன், ஜனங்கள் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன். டிரைவர் மாயவன் நல்ல மனுஷன், விசில் கேட்டால் பின்னால் திரும்பிப் பார்க்காதவர். பஸ் போய்விட்டது. கண்டக்டர் கையில் டீ கிளாஸோடு ரோட்டில் நிற்கிறேன். ஒரு சைக்கிள்காரர் என்னை ஏற்றிக்கொண்டு துரத்திப் பிடித்ததை ஊரே பார்த்தது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, இன்னாய்யா உனக்குப் பிரச்னை என்று கேட்டார். தூக்கம் என்றேன். கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டார். ஆகிவிட்டதுதான் பிரச்னை என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

ஆகவே ஆவணி முடிவதற்குள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். கடல் மீன் விற்கிற இருசம்மாளிடம் கவலை இருந்தது. விடியற்காலை கடலூர் பஸ்ஸில், மரத்தூளும் ஐஸும் போட்டு வந்த கூடை. இது எந்தக் கம்பெனி ஐஸ் என்று கேட்டேன். துறைமுகத்துக்கிட்ட கீற கம்பெனி என்றது. தாங்கள் கணக்கெழுதிய கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் மாமா. தங்கள் வீட்டுத் தெருமுனையில் கட்டியாக உடைத்துப்போட்ட ஐஸ் இது, இந்நேரம் செல்வி எழுந்து வாசலுக்கு வந்திருந்தால் இந்தக் கூடை அவள் கண்ணில்கூடப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றவன், ஒரு ஐஸ் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இருசம்மாள் "மீனப் பாக்காம ஐஸப் பாத்துக்கினு நிக்கிறியே கண்டக்டரே, அதுவா கொழம்பு வெக்கப் போற?" என்று கேட்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐஸ் உருகுகிற வரைக்கும் வைத்திருந்துவிட்டு மீனை வாங்கி வந்தேன்.

தங்கள் மகள் அதைச் சமைக்கிற முறை வேறு. புளியைக் கரைத்து, மாங்காய் இரண்டு துண்டு போட்டு, மண்சட்டியில் வைத்து, இறக்கினதும் பரிமாறமாட்டாள். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத்தான் தருவாள். வாராந்திர ஓய்வு நாளில் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பகலில் படுத்தால் நான் சாயங்காலம் டீக்குத்தான் எழுந்திருப்பேன். அதனால் தாங்கள் சொன்ன மருந்தில் உண்மை இருக்கிறது என்று எனக்கு அனுபவத்திலேயே நம்பிக்கை உண்டு. ஆனால் எங்கள் அம்மா அந்த மீனைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று முகம் சுளித்து, உப்புப் போட்டு உரசி, மஞ்சள் போட்டு உரசி, அரிசி கழுவின தண்ணீரில் அலசி, மறுபடியும் உப்புப் போட்டு உரசினார்கள். எந்த எண்ணெய்க்காகத் தாங்கள் அதைச் சாப்பிடச் சொன்னீர்களோ அது அத்தனையும் வாய்க்காலில் போய்விட்டது. மிச்சம் இருந்ததை முறுக வறுத்துப் போட்டார்கள். அதிலும் ஒரு கஷ்டம். கவலைக்கு முள் ஜாஸ்தி. இங்கே இருந்தவரை செல்விதான் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் என் தட்டின் ஓரத்தில் வைப்பாள். இதைத் தங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன். முள் எடுக்கிற வித்தை எனக்குத் தெரியாததால் ஒரு முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. சோற்று உருண்டை, வாழைப்பழம், முதுகில் அம்மா வைத்த குத்துகள் எதற்கும் அது அசையவில்லை. ஆக, தூக்கத்துக்கு மருந்து சாப்பிட்ட அன்று, எப்போதும் வருகிற அரைத் தூக்கமும் வராமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் இட்லியோடு முள் இறங்கிவிட்டது. தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் மாதத்தில் எங்கள் வீட்டில் மீன் என்கிற சொல்லையே சொல்லக்கூடாது. தங்கள் ஊரில் சனிக்கிழமையோடு விட்டுவிடுகிறார்கள், எங்கள் அம்மாவுக்கு மாதம் முழுக்க விரதம். மருந்து மாமா சொன்னது என்று வாதாடிப் பார்த்தேன். 'அப்ப ஒங்க மாமா வூட்டுக்கே போயி தின்னு' என்று சொல்லிவிட்டார்கள். போகச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. ஆனால் அது கோபத்தில் சொன்னது.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது. தங்கள் பக்கமும் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பஸ் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் நைட் ஹால்ட் போட்டது. மறுநாள் கீழே இறங்க வழியில்லை. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள், ஒரு மரம் இரண்டு மரம் இல்லை, கச்சிராயபாளையம் வரைக்கும் என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். நானும் மாயவனும் பஸ்ஸும் மலைமேலே தங்கிவிட்டோம். மாயவன் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு புரட்டாசி விரதம் இருக்கிறவர். மீன் வாடையே ஆகாது. கடைசி நீள சீட்டில் படுத்தாரென்றால் கண்ணாடி அதிர்கிற மாதிரி குறட்டை. மீன் சாப்பிடாதவர் இப்படித் தூங்குகிறாரே, இதற்குத் தங்கள் விளக்கம் என்ன என்று அப்போதே கேட்டு எழுத நினைத்தேன், தபால் இல்லை.

எங்களுக்குச் சாப்பாடு போட்டது அங்கே டீக்கடை வைத்திருக்கிற சின்னக்கண்ணு என்கிற அம்மாள். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். இந்த அம்மாளிடம் என் தூக்க விவகாரத்தைச் சொல்லி, மலையில் மீன் கிடைக்குமா என்று கேட்டேன். மீன் இல்லை, கருவாடு இருக்கிறது என்று உள்ளே போய்ச் சந்தையில் வாங்கி வைத்திருந்த பானையை எடுத்து வந்தது. பார்த்தால் கவலைக் கருவாடு. எங்கோ தங்கள் ஊர்க் கடற்கரையில் காய்ந்தது, எனக்கு முன்னால் மலையேறி உட்கார்ந்திருக்கிறது. மலையில் இருந்தவரை தினமும் அந்தக் குழம்புதான். வாரம் இரண்டு தடவை என்ற தங்கள் அளவை மீறிவிட்டேன். மாயவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் மறுபக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். பலன் என்ன என்றால், மூட்டு வலி கம்மி. மலைக்குளிருக்கு அந்தக் குழம்பு உடம்பில் சூடாக இறங்கியது, காலையில் எழுந்தால் எரிச்சலும் குறைந்த மாதிரி இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. கருவாட்டில் எண்ணெய் காய்ந்துபோயிருக்குமோ என்று அந்த அம்மாளிடமே கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மா ஊருக்குப் போயிருக்கிறதா என்று விசாரித்தது. பிரசவத்துக்கு என்றேன்.

"எங்க ஆளு குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போயி ஒரு வருசம் ஆவப் போவுது சார். பானை நெறைய கருவாடு கீது, நானும் தெனம்தான் திங்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னது. மறுபடியும் அடுப்பை ஊதப் போய்விட்டது. இதில் மருத்துவ ரீதியாக என்ன பொருள் என்று தாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

இந்த நிலையில் தங்கள் தந்தி கள்ளக்குறிச்சிக்கு வந்திருக்கிறது. அம்மா அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லி, விஷயத்தை என்னிடம் சேர்க்கச் சொல்லி டிப்போ வாட்ச்மேனிடம் சொன்னார்கள். வாட்ச்மேன் கச்சிராயபாளையம் போகிற ஒரு சைக்கிள்காரரிடம் சொன்னார். அவர் மலைக்கு நடந்து வந்த வனக்காவலரிடம் சொன்னார். வனக்காவலர் டீக்கடைக்கு வந்து, யார் சார் கண்டக்டர் என்று கேட்டு, என்னிடம் சொன்னது இது:

"உங்க வூட்டுக்குப் பொண்ணு வந்துடுச்சாம் சார். ரெண்டு பேரும் சொகமா கீறாங்களாம்."

மாமா, இதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன்? பொண்ணு என்றால் செல்வி. ரெண்டு பேர் என்றால் செல்வியும் அம்மாவும். அவர்கள் இருவரும் ஒரே அடுப்படியில் சுகமாக இருப்பது கொஞ்சம் அதிசயம்தான் என்றாலும், நிறைமாதமாயிற்றே, அம்மா விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மரமெல்லாம் ரோட்டில் கிடக்கும்போது கடலூரிலிருந்து எப்படி வந்திருப்பாள் என்று மாயவன் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. பஸ்ஸையும் டிக்கெட் பையையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு மலையிறங்கி நடந்தேன்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்து எழுந்து வந்தார்கள். மனைவி வந்திருக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் ஒருவர் கிளையை விலக்கி வழி விட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெயர் சடையன் என்றார். போலீஸ் தேடுவதால் வீட்டுப் பக்கம் போகவில்லையாம். சுடுகிறார்கள், ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று அப்போது எல்லா ஊரிலும் பேச்சு. "எங்க வூட்டு வழியாத்தான் நீங்க போவணும். நல்லா கீறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க," என்றார். போய்ச் சொன்னேன்.  அந்த வீட்டு அம்மாள், சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டது. சாப்பிட்டார் என்றேன். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். தெருமுனைக் குழாயில் முகம் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு, வாசலிலிருந்தே செல்வி என்று கூப்பிட்டேன். அம்மா வந்தார்கள். கையில் தந்தி.

"பொண்ணு பொறந்துகீதுடா."

பெண் குழந்தை, இருவரும் நலம் என்று தந்தியில் இருப்பதை நானே இரண்டு தடவை படித்தேன். சிரித்தேன் மாமா. அம்மா என் வாயில் சர்க்கரை போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே போய்ச் சமையல்கட்டை ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் பார்த்தேன். அப்படியே தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் சாய்ந்தவன்தான், அன்று பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறேன். மூச்சு வருகிறதா என்று அம்மா மூக்கில் கை வைத்துப் பார்த்தார்களாம்.

இந்தத் தூக்கத்துக்குக் காரணம் பெருமாள் என்கிறார்கள் அம்மா. மலையிலிருந்து நடந்த அலுப்பு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தினமும் தின்ற கவலைக் கருவாடு கடைசியில் வேலை செய்துவிட்டது என்று தாங்கள் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். மீன் என்பது மாத்திரை இல்லை, இன்று தின்று இன்றே தூங்க முடியாது, மாதக்கணக்கில் சாப்பிட்டால்தான் தெரியும் என்று தாங்கள் அடிக்கடி சொல்வதும் நினைவிருக்கிறது. ஆனால் மறுநாளிலிருந்து பழையபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். முன்பு ஒருத்தியை நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன், இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். அதில் ஒருத்தியின் முகம் தெரியவில்லை, எதை நினைப்பது என்று புரியாமல் பஸ்ஸில் பார்த்த கைக்குழந்தைகளின் முகங்களையெல்லாம் வைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை.

குழந்தை யார் சாயல்? அழுகிற குரல் பெரிதா, சிறிதா? செல்விக்குத் தாய்ப்பால் ஊறுவதற்குப் பால் சுறாப் புட்டு கொடுக்கிறீர்களா? அவளைக் குழந்தை தூங்க விடுகிறதா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்பதைத் தாங்கள் எழுத வேண்டியதில்லை, அத்தையிடம் சொல்லி மச்சானை எழுதச் சொன்னால் போதும்.

முறை என்று ஒன்று இருக்கிறது. தீட்டுக் கழிகிறவரை நான் வரக்கூடாது, தையில்தான் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அதன்படியே பொறுத்திருக்கிறேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை. தாங்களும் எதையும் மாற்ற வேண்டாம். தை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் வந்து போக வேண்டுமே என்றெல்லாம் நான் நினைப்பதே இல்லை.

தங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கங்கள். சின்ன மச்சானுக்கு அன்பு. குழந்தைக்கு, முகம் இன்னும் தெரியாத காரணத்தால், பொதுவாக ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தையைத் தட்டாத மாப்பிள்ளை,
கொளஞ்சியப்பன்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று காலை மாயவன் பஸ்ஸை மலையிலிருந்து இறக்கிவிட்டார். கடலூர் ரூட்டில் கூட்டம் தாங்காமல் கூடுதல் பஸ் விடுகிறார்கள், கண்டக்டர் வேண்டும் என்றார்கள், நான் என்று கை தூக்கிவிட்டேன். அம்மாவிடம் விருத்தாசலம் டூட்டி என்று சொல்லியிருக்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை. தங்கள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்பதால் கையிலேயே கொண்டுவந்து மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் இந்த வரியைப் படிக்கும்போது நான் தங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். பஸ் திரும்புகிற வரைக்கும்தான் நேரம். தீட்டு என்றால் நான் படியேறவில்லை, ஜன்னல் வழியாகக் குழந்தையைக் காட்டினால் போதும். செல்வி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம்.

இல்லை மாமா, எழுப்புங்கள்.